கடைசி ஆல்பத்தை எப்படிக் கேட்பது? க்ளென் கேம்ப்பெல்லின் ‘அடியோஸ்’: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் க்ளென் கேம்ப்பெல்லின் ‘அடியோஸ்’ ஆல்பம் 2017 ஜூன் 9 அன்று வெளிவந்தது. ஸ்பானிஷ் மொழியில் ‘போய் வருகிறேன்’ என்று விடைபெறும் சொல் அது. ஏறக்குறைய இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 8 அன்று, அவர் நாஷ்வில் நகரில் காலமானார். வயது 81, அல்சைமர் என்ற மறதி நோய். ஆனால் ஆல்பத்தில் நாம் கேட்கும் குரல் அந்த வருடத்துக் குரல் அல்ல. 2012 கடைசியிலும் 2013 தொடக்கத்திலும் பாடி வைத்தது. ஆல்பம் கடைக்கு வந்தபோது நோய் முற்றிப்போய், அவர் சில ஆண்டுகளாகவே முழுநேரப் பராமரிப்பில் இருந்தார்.

இந்தத் தேதிகள் தெரிந்துவிட்டால் பாட்டை நிம்மதியாகக் கேட்க முடிவதில்லை. குரல் கொஞ்சம் தழுதழுத்தால் ‘ஐயோ பாவம்’ என்று தோன்றுகிறது, நன்றாகப் பாடினால் ‘இந்த நிலையிலுமா!’ என்று தோன்றுகிறது. இரண்டுமே பாட்டைக் கேட்பதாகாது, நோயாளியைப் பார்க்கப் போவதுபோல் ஆகிவிடும். ‘அடியோஸ்’ இதைவிட நல்ல ஆல்பம். அது எப்படி உருவானது, எங்கே ஜெயிக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். அதற்கு முதலில் இந்த மனிதர் யார் என்று தெரிய வேண்டும்.

பிறத்தியார் பாட்டுக்காரர்

கேம்ப்பெல் 1936-இல் ஆர்கன்சா மாநிலத்தில், டிலைட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், குத்தகை விவசாயி ஒருவருக்குப் பிறந்தார். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள், இவர் ஏழாவது மகன். சியர்ஸ் கடையில் ஐந்து டாலருக்கு வாங்கிய கிட்டார்தான் ஆரம்பம். 1960-இல் லாஸ் ஏஞ்சலஸ் போனார். அடுத்த சில வருடங்கள், பெயர் வெளியே தெரியாமல், ஸ்டூடியோக்களில் கூலிக்குக் கிட்டார் வாசித்தார். பின்னாளில் ‘ரெக்கிங் க்ரூ’ என்று பெயர் பெற்ற அந்த வாத்தியக் கூட்டத்தில் அவரும் ஒருவர். ஃப்ராங்க் சினாட்ரா, எல்விஸ் ப்ரெஸ்லி, பீச் பாய்ஸ் என்று அந்தக் காலத்துப் பெரிய பெயர்கள் பலவற்றின் பின்னால் இவருடைய கிட்டார் இருக்கிறது. எழுதி வைத்த இசைக் குறிப்பை (நொடேஷன்) படிப்பதில் பெரிய ஆள் இல்லை. ஒருமுறை கேட்டால் கை பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். 1964 கடைசியில் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் மேடைக்கு வர முடியாமல் போனபோது அவர் இடத்தில் நின்று பாடியவரும் இவரே.

1967-இலிருந்து அவரே நட்சத்திரம். ‘ஜென்டில் ஆன் மை மைண்ட்’ ஜான் ஹார்ட்ஃபோர்ட் எழுதியது. ‘பை த டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்’, ‘விச்சிட்டா லைன்மேன்’, ‘கால்வெஸ்டன்’ மூன்றும் ஜிம்மி வெப் எழுதியவை. 1975-இல் வந்த ‘ரைன்ஸ்டோன் கௌபாய்’ பாட்டும் வேறொருவருடையதுதான். அவரை அவராக்கிய எதையும் அவர் எழுதவில்லை. ஆகவே, வயதான காலத்தில் ஒரு பாடகர் பிறர் பாட்டுகளைத் தொகுத்துப் பாடுகிறார் என்றால் ‘கற்பனை வறண்டுவிட்டது போல’ என்று சொல்வார்களே, அது கேம்ப்பெல்லுக்குப் பொருந்தாது. அவருடைய தொழிலே அதுதான். ஒரு பாட்டை வாங்கி, எழுதியவருக்கே தெரியாத ஒரு கதவை அதில் திறந்துவிடுவது.

‘விச்சிட்டா லைன்மேன்’ இதற்குச் சரியான உதாரணம். பாட்டு இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேதான் வெப் அதைக் கொடுத்தனுப்பினார். கேம்ப்பெல் காத்திருக்கவில்லை. பேஸ் கிட்டார் கலைஞர் கேரல் கேயின் டேனெலெக்ட்ரோ பேஸ் கிட்டாரை வாங்கி, வரி இல்லாத இடத்தில் அடிக்குரலில் முனகுவதுபோல ஒரு சோலோ வாசித்து நிரப்பினார். அப்புறம் அந்தப் பாட்டுக்கு இன்னொரு சரணம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

நடுவில் குடியும் கொக்கெய்னும் இருந்தன, மணமுறிவுகள் இருந்தன. அதையெல்லாம் எழுதப் பலர் இருக்கிறார்கள். இந்த ஆய்வுக்கு வேண்டியது 2008-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ‘மீட் க்ளென் கேம்ப்பெல்’ வந்தது. டாம் பெட்டி, யூ2, க்ரீன் டே ஆகியோரின் பாட்டுகளை எழுபது வயது தாண்டிய கன்ட்ரிப் பாடகர் ஒருவர் தன் பாணிக்குக் கொண்டுவந்த ஆல்பம். மூத்த கன்ட்ரிப் பாடகர் ஜானி கேஷ் 1994-இலிருந்து தயாரிப்பாளர் ரிக் ரூபினோடு சேர்ந்து போட்ட பாதை அது. கிழவர்கள் இளைஞர்களின் பாட்டைப் பாடினால் இளைஞர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று இசை வியாபாரிகள் கண்டுகொண்ட காலம்.

நோயும் பயணமும்

2011 ஜூனில் கேம்ப்பெல் தம்பதியர் அல்சைமர் நோயை வெளிப்படையாக அறிவித்தார்கள். அதே ஆண்டு ‘கோஸ்ட் ஆன் த கேன்வாஸ்’ வந்தது. பிறகு விடைபெறும் பயணம். சில வாரங்களுக்குத் திட்டமிட்டது 151 நிகழ்ச்சிகளாக நீண்டு, 2012 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவின் நாப்பா நகரில் முடிந்தது. வாத்தியக் குழுவில் அவர் பிள்ளைகளில் மூவர் இருந்தார்கள்: ஆஷ்லி பாஞ்சோ (கிட்டார் போன்ற தந்தி வாத்தியம்), ஷானன் கிட்டார், கால் டிரம்ஸ். பாட்டு வரிகளைக் காட்ட டெலிப்ராம்ப்டர் இருந்தது. பாடி முடித்த பாட்டையே மறுபடி பாட ஆரம்பித்துவிட்ட இரவுகளும் உண்டு. அதே இரவில் கிட்டார் சோலோ வந்துவிட்டால் கை எதையும் மறக்காது.

இதில் மர்மம் எதுவும் இல்லை. நேற்று என்ன சாப்பிட்டோம், எதிரில் நிற்பவர் பெயர் என்ன என்பதைச் சேர்த்துவைக்கும் பகுதிகளைத்தான் அல்சைமர் முதலில் தாக்குகிறது. பல வருடம் பழகிய கைவேலையும், நெடுநாள் கேட்ட மெட்டும் மூளையில் வேறு இடங்களைச் சார்ந்து நிற்கின்றன. அவை ஒப்பீட்டளவில் தாமதமாகத்தான் பாதிக்கப்படுகின்றன. கேம்ப்பெல்லுக்கு நான்கைந்து வயதிலிருந்து கிட்டார்தான் உலகம். ஆகவே மெட்டு நின்றது, வரிகள் உதிர்ந்தன.

பயணம் முடிந்தபோது அந்த மெட்டும் எத்தனை நாள் நிற்கும் என்று தெரியவில்லை. இப்போது விட்டால் இனி இல்லை என்ற அவசரம் வீட்டாருக்கு இருந்தது என்று மனைவி கிம் பின்னர் எழுதினார். வாழ்க்கை முழுக்க அவருக்குப் பிடித்திருந்த, ஆனால் ஒருபோதும் பதிவு செய்யாத பாட்டுகள் ஒரு பட்டியல் அளவுக்கு இருந்தன. அவற்றைப் பாட வைப்பது என்று முடிவானது.

ஸ்டூடியோவில் நடந்தது

இந்த நிகழ்வில் என்னை அதிகம் ஈர்ப்பது இந்தப் பகுதிதான். தயாரிப்பாளராக அமர்த்தப்பட்டவர் கார்ல் ஜாக்சன். ஊர் மிசிசிப்பி. 1972-இல், பதினெட்டு வயதில், பாஞ்சோ வாசிக்க கேம்ப்பெல்லின் குழுவில் சேர்ந்து பன்னிரண்டு வருடம் கூடவே இருந்தவர். பெயர் விற்கக்கூடிய பெரிய தயாரிப்பாளர் ஒருவரைப் பிடிக்காமல் பழைய பாஞ்சோக்காரரைக் கூப்பிட்டார்களே, அந்த ஒரு முடிவில்தான் பாதி ஆல்பம் இருக்கிறது.

ஏன் என்றால், நாஷ்வில்லில் உள்ள ஸ்டேஷன் வெஸ்ட் ஸ்டூடியோவில் செய்ய வேண்டியிருந்த வேலை அப்படி. முதலில் ஜாக்சன் அடிப்படை வாத்தியங்களைப் பதிவு செய்து, தானே டிராக் பாடி வைத்தார். கேம்ப்பெல் அதைக் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும். பிறகு பாடகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உற்சாகப்படுத்தி, பாட்டை வரி வரியாக வாங்கினார். சினிமாப் பாட்டின் பின்கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு டிராக் என்பது புதிய விஷயம் இல்லை. ஆனால் இங்கே டிராக் பாடுபவருக்குக் கூடுதல் பொறுப்பு ஒன்று இருக்கிறது. கேம்ப்பெல் எந்தச் சுருதியில் வசதியாக நிற்பார், எந்தச் சொல்லுக்கு முன் மூச்செடுப்பார், எந்த வரியின் கடைசியை இழுப்பார், எதைச் சட்டென்று வெட்டுவார் என்பதெல்லாம் டிராக் பாடுபவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வரியை மறந்தவரிடம் ‘அப்படி இல்லை, இப்படி’ என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வைத்த டிராக்கே அவர் உடம்புக்குத் தைத்ததாக இருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் இரண்டடி தள்ளி நின்று வாசித்த ஒருவருக்குத்தான் அது கைவரும்.

கஷ்டப்பட்டார், ஆனால் ஸ்டூடியோவுக்குள் மகிழ்ச்சியாக இருந்தார் என்று வீட்டார் சொல்கிறார்கள். அதை நம்பலாம் என்றுதான் நினைக்கிறேன். குரலில் பயம் கேட்கவில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். வரி வரியாக ஒட்டியது எப்படிப் பாட்டாகும்? அது கார்ல் ஜாக்சனின் ஆல்பமா, கேம்ப்பெல்லின் ஆல்பமா? நியாயமான கேள்விதான். ஆனால் கடந்த ஐம்பது வருடத்தில் ஸ்டூடியோவில் பதிவான பாட்டுகளில், ஒரே மூச்சில் பாடி அப்படியே வெளியானவை எத்தனை? முழு ஆரோக்கியத்தோடு இருக்கும் பாடகரும் பலமுறை பாடுகிறார், எஞ்சினியர் நல்ல வரிகளைப் பொறுக்கிச் சேர்க்கிறார். இங்கே துண்டுகள் சிறியவை, பொறுமை பெரியது, வித்தியாசம் அவ்வளவுதான். ஒட்டிச் சேர்ப்பதால் ஒரு வரிக்குள் இருக்கும் நெளிவு வந்துவிடாது. அதைப் பாடுபவர்தான் கொடுக்க வேண்டும். ‘அடியோஸ்’ ஆல்பத்தில் அந்த நெளிவு இருக்கிறது.

ஒட்டிய இடம் தெரிவதும் உண்டு. சில பாட்டுகளில் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக அழகாக இருக்கிறது, ஆனால் சரணத்தின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஏறிப்போகும் ஒரு வேகம் குறைகிறது. ‘எ திங் கால்ட் லவ்’ அப்படி. ஜெர்ரி ரீட் எழுதிய பாட்டு, 1970களின் தொடக்கத்தில் ஜானி கேஷ் பாடிப் பிரபலமானது. இங்கே அது இனிமையாக வந்து இனிமையாகப் போகிறது. ஆல்பத்தில் இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

பாட்டுகள்

ஆல்பம் ஃப்ரெட் நீலின் ‘எவ்ரிபடிஸ் டாக்கின்’ பாட்டோடு தொடங்குகிறது. எல்லோரும் என்னிடம் பேசுகிறார்கள், எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை என்று போகும் பாட்டு. மறதி நோய்க்காரர் ஆல்பத்தின் வாசலில் இதை வைத்தது தற்செயலா என்று கேட்கத் தூண்டும். நான் கேட்கமாட்டேன். பாடியிருக்கும் விதத்தில் துயரம் இல்லை. ஊரை விட்டுக் கிளம்புகிறவனின் நடை இருக்கிறது.

பாப் டிலனின் ‘டோண்ட் திங்க் ட்வைஸ்’ ஜெர்ரி ரீட் பாணிக் கிட்டாரோடு துள்ளி ஓடுகிறது. டிலன் பாடும்போது அதில் ஒரு குத்தல் உண்டு. இங்கே குத்தல் போய்விட்டது. வழி பிரிகிறவன் கோபமில்லாமல் கையசைத்துவிட்டுப் போகிறான். டிலன் ரசிகர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். எனக்கும் மூலம்தான் பெரிது. ஆனால் இதுவும் ஒரு வாசிப்பு.

‘ஃபன்னி ஹவ் டைம் ஸ்லிப்ஸ் அவே’ வேறு ரகம். வில்லி நெல்சன் 1960களின் தொடக்கத்தில் எழுதிய பாட்டு. பழைய காதலியை எங்கோ எதிரில் பார்க்கிறான் ஒருவன். நலமா, எவ்வளவு நாளாச்சு, நேற்று நடந்த மாதிரி இருக்கிறது, சரி வரட்டுமா என்று சாதாரணப் பேச்சாகவே முழுப் பாட்டும் போகும். வலி எல்லாம் அந்தச் சாதாரணத்துக்கு அடியில் இருக்கும். இந்தப் பதிவில் நெல்சனே வந்து கேம்ப்பெல்லோடு மாறி மாறிப் பாடுகிறார். இருவர் முறையும் எதிரெதிரானது. நெல்சன் தாளத்தைத் துரத்துவதில்லை. சொல்லைத் தாமதமாக விடுவார், பேசுகிற மாதிரி, விட்டுப்போய்விட்டதோ என்று நாம் நினைக்கிற நொடியில் வந்து சேருவார். கேம்ப்பெல் ஸ்டூடியோவில் வளர்ந்தவர். தாளத்தின் நடுவில் அமர்ந்து சுரத்தைச் சுத்தமாகப் பிடிப்பார். ஒருவர் மூக்கால் பேசுகிறார், மற்றவர் நெஞ்சைத் திறந்து பாடுகிறார். எழுதியவர் ‘காலம் ஓடிவிட்டது பார்’ என்று தோளைக் குலுக்க, பாடுபவர் அந்தக் காலத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார். இரண்டு கிழவர்களும் சோகத்தைப் பிழியவில்லை. 2017-இன் பிற்பகுதியில், கேம்ப்பெல் மறைந்த பிறகு, கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் இந்தப் பாட்டுக்கு அந்த ஆண்டின் சிறந்த கூட்டுப் பாடலுக்கான விருதைக் கொடுத்தது. அனுதாப விருது என்று சொல்பவர்கள் பாட்டை இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

ஜார்ஜ் ஜோன்ஸ் 1962-இல் பாடிய ‘ஷீ திங்க்ஸ் ஐ ஸ்டில் கேர்’ பாட்டைத் தொடுவதற்கே துணிச்சல் வேண்டும். ‘அவளைப் பற்றி யாரிடமோ விசாரித்தேன் என்பதற்காக, நான் இன்னும் அவளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவள் எண்ணிவிட்டாளாம்’ என்று மறுத்துக்கொண்டே மாட்டிக்கொள்ளும் ஒருவனின் பாட்டு. ஜோன்ஸ் அதில் பல்லைக் கடித்து அழுவார். கேம்ப்பெல் அழுவதே இல்லை. தன் மறுப்பைத் தானே நம்புகிற ஆள்போல நேராகப் பாடுகிறார், அதனால் பொய் இன்னும் நன்றாகத் தெரிகிறது. எழுபத்தாறு வயதில் அந்த டெனர் குரலின் மேல் ஸ்தாயி கொஞ்சம் மெலிந்திருக்கிறது, ஆனால் பிசிறு இல்லை. ஜானி கேஷின் கடைசி ஆல்பங்களில் உடைந்த குரலே அழகாகிவிடுகிறது. இங்கே அந்த வசதியும் இல்லை. குரல் உடையாமல் இருப்பதுதான் விசேஷம்.

ரோஜர் மில்லர் எழுதிய ‘ஆம் ஐ ஆல் அலோன்’ பாட்டுக்கு முன்னால் ஒரு பழைய வீட்டுப் பதிவு வருகிறது. நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து கிட்டாரை ஆளுக்கொரு பாட்டாகக் கைமாற்றும் சபை அது. மில்லரே பாடுகிறார். அவர் 1992-இலேயே இறந்துவிட்டார். அந்தக் கரகரப்பு மெல்ல ஓய்ந்து, ஸ்டூடியோவின் சுத்தமான ஒலியில் கேம்ப்பெல் பாட்டை எடுத்துக்கொள்கிறார். கூடவே இன்னொரு கன்ட்ரிப் பாடகர் வின்ஸ் கில்லின் பின்குரல். ‘எழுதாமல் பாடுகிறவர்’ ஒருவரிடம் பாட்டு எப்படி வந்து சேர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் குறிப்பும் சொல்லாது. கூடத்தில் உட்கார்ந்து கேட்டது, பல பத்தாண்டு மனசில் கிடந்தது, கடைசியில் வாய்க்கு வந்தது.

‘ஆர்கன்சா ஃபார்ம்பாய்’ கார்ல் ஜாக்சன் எழுதியது, இந்த ஆல்பத்துக்காக எழுதியது அல்ல. வெளிநாட்டுப் பயணம் ஒன்றில், தாத்தா தனக்கு ஐந்து டாலர் கிட்டாரில் ‘இன் த பைன்ஸ்’ வாசிக்கச் சொல்லிக்கொடுத்த கதையைக் கேம்ப்பெல் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட இளம் பாஞ்சோக்காரர் பாட்டாக எழுதி வைத்துக்கொண்டார். பாட்டாகப் பார்த்தால் சுமார்தான், கொஞ்சம் புகழ்மாலை வாசம் அடிக்கிறது. ஆனால் அது இங்கே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சொன்னவருக்கு ஞாபகம் கரைந்துகொண்டிருந்த சமயத்தில், கேட்டவர் பத்திரமாக வைத்திருந்த கதையை எடுத்து, வரி வரியாக, சொன்னவர் வாயிலேயே திருப்பிப் போட்டிருக்கிறார்.

ஜிம்மி வெப் பாட்டுகள் நான்கு. ‘ஜஸ்ட் லைக் ஆல்வேஸ்’ பாட்டை எத்தனை முறை கேட்டாலும் அலுக்கவில்லை. ‘போஸ்ட்கார்ட் ஃப்ரம் பாரிஸ்’ பாட்டில் குழுவில் இருந்த அந்த மூன்று பிள்ளைகளும் சேர்ந்து பாடுகிறார்கள். ‘நீ இங்கே இருந்திருக்கலாம்’ என்று வாழ்த்து அட்டையில் எல்லோரும் எழுதுகிற வரிதான் பல்லவி. அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து பாடும்போது அது யார் யாரிடம் சொல்வதாக ஆகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆல்பத்தில் என்னை உண்மையாகவே தடுமாற வைத்தது இது ஒன்றுதான்.

தலைப்புப் பாட்டான ‘அடியோஸ்’ பாட்டைப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் 1989-இல் பாடியிருக்கிறார். கலிஃபோர்னியாக் கடற்கரையையும் அங்கே இருந்த காதலையும் விட்டுப் போகிறவர் பாடும் பாட்டு. அந்தப் பழைய பதிவில் பின்குரல் கொடுத்தவர் பிரையன் வில்சன். அதற்கு இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் யார் இடத்தில் கேம்ப்பெல் மேடையேறினாரோ, அதே வில்சன். ரான்ஸ்டாட் அதை ஒரு பெரிய அலைபோல எழுப்புகிறார். கேம்ப்பெல் எழுப்பவில்லை, தாழ்வாகவே வைத்துக்கொள்கிறார். தலைப்பு, கடைசி இடம், பாடகரின் நிலை எல்லாம் சேர்ந்து இந்தப் பாட்டின்மேல் அதிகச் சுமையை ஏற்றிவிட்டன என்பது என் அபிப்பிராயம். நல்ல பதிவு, ஆனால் ஆல்பத்தின் சிகரம் இதுவல்ல.

நோயைச் சொல்லாதது

இதே காலத்தில், 2013 ஜனவரியில், கேம்ப்பெல் இன்னொரு பாட்டும் பதிவு செய்தார்: ‘ஐயம் நாட் கோனா மிஸ் யூ’. தயாரிப்பாளர் ஜூலியன் ரேமண்டோடு சேர்ந்து எழுதியது. அது நேராக நோயைப் பற்றியது. உன்னை மறந்துபோவேன், ஆகவே நீ இல்லாத குறை எனக்குத் தெரியாது, அந்த வலி உனக்குத்தான் என்று மனைவியிடம் சொல்லும் பாட்டு. அவரைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உருவானது. ஆஸ்கர் பரிந்துரையும் கிராமி விருதும் பெற்றது. மிகப் பெரிய பாட்டு, மறுக்கவில்லை.

அதைச் சொன்ன பிறகு சொல்வதற்கு என்ன மிச்சம்? நோயைப் பற்றி ஒரு முழு ஆல்பம் போட்டிருக்கலாம், விற்றிருக்கும். ‘அடியோஸ்’ எதிர்த் திசையில் போனது. நோயைப் பற்றி எழுதிய பாட்டு ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் காதல், பிரிவு, பயணம், பொய், ஊர். ஒரு கன்ட்ரிப் பாடகர் 1970-இல் பாடியிருக்கக்கூடிய விஷயங்கள். குடும்பமும் ஜாக்சனும் அவரை நோயாளியாக நிறுத்தாமல், வேலைக்கு வந்த பாடகராக நடத்தியிருக்கிறார்கள். பாஞ்சோவும் ஸ்டீல் கிட்டாரும் சேர்ந்த நாஷ்வில் வாத்திய அமைப்பும் அதே மரியாதையின் பகுதிதான். ரிக் ரூபின் வழியில் ஒற்றைக் கிட்டாரோடு நிர்வாணமாக நிறுத்தியிருந்தால் விமர்சகர்கள் இன்னும் கொண்டாடியிருப்பார்கள். ஆனால் கேம்ப்பெல் ஒருபோதும் அப்படிப் பாடியவர் இல்லை. வாத்தியங்கள் சுற்றி நிற்க, நடுவில் நின்று பாடுவதுதான் அவர் வழக்கம்.

இந்த முடிவில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. ஓரிரு இடத்தில் மெருகு அதிகமாகி, நடுங்கியிருக்க வேண்டிய வரியையும் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறது. ‘எ திங் கால்ட் லவ்’ அதனால்தான் நிற்கவில்லை என்று சந்தேகப்படுகிறேன்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் தலைப்புப் பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் 1968-இன் ‘விச்சிட்டா லைன்மேன்’ ஒருமுறை. பிறகு நேராக ‘ஷீ திங்க்ஸ் ஐ ஸ்டில் கேர்’, அடுத்து நெல்சனோடு பாடியது, அப்புறம் ரோஜர் மில்லரின் வீட்டுப் பதிவோடு சேர்த்து ‘ஆம் ஐ ஆல் அலோன்’. தலைப்புப் பாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது, வரிகளின் முனையில் அவர் மூச்சு எங்கே எடுக்கிறார் என்று கேட்கும்.